"க்ளீன்" என்றால் சுத்தம். அப்புறம் "க்ளீன் போல்டு" எப்படி?

#1 · பாதிமொழி · இரவு 9.12

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன். கதையில் ஒரு கிழவர் ஏதோ கேட்க வாயெடுக்கிறார், மறந்துவிடுகிறது. உடனே, "இட் வென்ட் க்ளீன் அவுட் ஆஃப் மை ஹெட்" என்கிறார்.

மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன். "அது என் தலையிலிருந்து தூய்மையாக வெளியேறியது" என்றது. பொடுகு ஷாம்பூ விளம்பரம் மாதிரி இருக்கிறது.

அர்த்தம் தெரியாமல் கேட்கவில்லை. அடியோடு மறந்துவிட்டது என்பதுதான். எனக்குக் குடைவது வேறு. அழுக்கில்லை என்பதைச் சொல்லும் ஒரு சொல், "அடியோடு" என்ற பொருளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? க்ளீன் போல்டில் இருப்பதும் இதே க்ளீன்தானா?

#2 · மூன்றாம்ஸ்லிப் · இரவு 9.20

க்ளீன் போல்டு என்றால் ஸ்டம்ப் மொத்தமாகப் பறந்துவிடும். மொத்தமாக = அடியோடு. இழையை மூடிவிடலாம் :)

#3 · கடைசிபெஞ்ச் · இரவு 9.24

"சுத்தமா மறந்துட்டேன்" என்று நாமே தினமும் சொல்கிறோமே! மூன்று நாளாகவா யோசிக்கிறீர்கள்?

#4 · பாதிமொழி · இரவு 9.31

@கடைசிபெஞ்ச், சத்தியமாகத் தோன்றவே இல்லை. வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடியிருக்கிறேன். ஆனால் இப்போது கேள்வி இரண்டாகிவிட்டது. ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள் எப்படி ஒரே வேலையைச் செய்தன?

#5 · சொல்வேட்டை · இரவு 10.05

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்ளீன் ஆங்கிலத்தின் பிறவிச் சொல். பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ கடன் வாங்கியது அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதன் உருவம் "க்லேனெ". அந்தக் காலத்தில் அது பக்கெட்டும் துடைப்பமுமாகத் திரிந்த சொல் இல்லை. கலப்பில்லாதது, கறைபடாதது, கற்புள்ளது, குற்றமற்றது என்று பெரிய பெரிய பொருள்கள் அதற்கு இருந்தன. சமய விதிப்படி உண்ணத் தகுந்த விலங்கையும் க்ளீன் என்றார்கள். அங்கே விலங்கின் உடம்பில் சேறு இருக்கிறதா என்பது கணக்கே இல்லை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய பிரெஞ்சு வழியாக ப்யூர், க்ளியர் என்ற இரண்டும் வந்து சேர்ந்தன. (க்ளியரும் க்ளீனும் அண்ணன் தம்பி போல இருக்கும், உறவே கிடையாது. க்ளியர் லத்தீன் "க்லாருஸ்" வழி வந்தது.) வந்தவர்கள் மேல்மாடியை எடுத்துக்கொண்டார்கள். மனத்தூய்மை, பொன்னின் தூய்மை எல்லாம் மெல்ல மெல்லப் ப்யூருக்குப் போயின. க்ளீனுக்குக் கீழ்வீடும் அடுப்படியும் மிச்சம். "சுத்தம் செய்" என்ற வினையாக அது புழங்க ஆரம்பித்ததே 15ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை அந்த வேலையைப் பார்த்தது "க்ளென்ஸ்".

இப்போது உங்கள் கேள்வி. "முழுக்க" என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்போம். இல்லை, பழைய ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில் இரண்டு இடம் பாருங்கள். யோசுவா 3:17-இல் மக்கள் எல்லாரும் யோர்தானை "க்ளீன் ஓவர்" கடந்தார்கள் என்று வரும். குளித்துக் கரையேறினார்கள் என்று பொருளில்லை. ஒருவர் பாக்கியில்லாமல் கடந்துவிட்டார்கள். சங்கீதம் 77:8-இல் "இஸ் ஹிஸ் மெர்சி க்ளீன் கான் ஃபார் எவர்?" என்று வரும். அவருடைய கிருபை சுத்தமாகப் போயே போய்விட்டதா என்று ஒரு மனிதன் கதறுகிறான். உங்கள் கிழவருடைய வாக்கியத்தின் பாட்டன் இந்த வாக்கியம்.

#6 · வேர்ச்சொல்வீரன் · இரவு 10.19

இவ்வளவு சுற்ற வேண்டாம். களை என்றால் நீக்கு. களைதல், களையன், க்ளீன். தமிழிலிருந்து போன சொல்தான் இது. கழுவு, கழி எல்லாவற்றையும் பாருங்கள், எல்லாம் ககரம்.

#7 · சொல்வேட்டை · இரவு 10.40

வரவேண்டிய பதிவு வந்துவிட்டது :)

வீரரே, ஓசை ஒத்துப்போவது சான்றாகாது. ஜெர்மானிய மொழிகளில் சொல் முதலில் வரும் ககரம், அதற்கு முந்தைய நிலையில் வல்லின ஒலிப்புள்ள "g" ஒலியாக இருந்தது. முழங்காலுக்கு லத்தீனில் கெனு (genu), ஆங்கிலத்தில் "நீ" (knee, எழுதும்போது இன்னமும் முன்னால் ஒரு "கே" சும்மா உட்கார்ந்திருக்கிறது). இனத்துக்கு லத்தீனில் கெனுஸ் (genus), ஆங்கிலத்தில் கின் (kin). தானியத்துக்கு லத்தீனில் க்ரானும் (granum), ஆங்கிலத்தில் கார்ன் (corn). யாகோப் கிரிம் 1822-இல் விளக்கிய ஒலிமாற்றங்களில் இதுவும் ஒன்று. ஆக, க்ளீனைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் அந்தக் ககரமே கரைந்துவிடுகிறது. நீங்கள் பிடித்துத் தொங்கும் கயிறு அதுதான்.

தமிழுக்குப் பெருமை வேண்டுமானால் கடைசிபெஞ்ச் சொன்னதில் இருக்கிறது. யாரிடமும் வாங்காமல் நாமும் அதே வழியில் நடந்திருக்கிறோம்.

#8 · வேர்ச்சொல்வீரன் · இரவு 10.44

சுத்தம் மட்டும் தமிழா? வடசொல்தானே.

#9 · சொல்வேட்டை · இரவு 10.47

சொல் வடமொழி வழி வந்ததுதான். "சுத்தமா மறந்துட்டேன்" என்ற பேச்சு நம்முடையது.

#10 · குளிர்நாடு · இரவு 11.02

ஜெர்மன் படிக்க ஆரம்பித்த புதிதில் நடந்தது. தங்குமிடத்தில் சுத்தமான அறை வேண்டும் என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது "க்ளைனஸ் ட்ஸிம்மர்". ஆங்கில க்ளீனைக் கொஞ்சம் ஜெர்மனாக்கி அடித்துவிட்டேன். தலையாட்டிவிட்டுச் சாவி கொடுத்தார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் திறக்க இடமில்லை. ஜெர்மனில் "க்ளைன்" என்றால் சின்னது. சுத்தத்துக்குச் சொல் "ஸௌபர்".

பார்வைக்கு ஒன்று போலவும் பொருளில் வேறாகவும் இருக்கும் சொற்களில் இதுவும் ஒன்று, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அகராதியில் பார்த்தால், இரண்டும் உண்மையிலேயே ஒரு தாய் மக்கள்! பழைய ஜெர்மனில் அந்தச் சொல்லுக்குப் பளபளப்பானது, நேர்த்தியானது என்று பொருள். நேர்த்தியானது மெல்லியதாகி, மெல்லியது சின்னதாகிவிட்டது. பழைய பொருளின் தடம் இன்னும் இருக்கிறது. "க்ளைனோட்" என்றால் நகை, அரும்பொருள். "க்ளைன்ஷ்மிட்" என்று குடும்பப் பெயர் உண்டு. குள்ளமான கொல்லர் என்று அர்த்தமில்லை, பூட்டு போன்ற நுண்ணிய இரும்புவேலை செய்கிறவர்.

#11 · பாதிமொழி · இரவு 11.10

நம் "நுண்" கூட அப்படித்தானே? நுண்ணறிவு என்றால் கூர்மை, நுண்ணுயிர் என்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னது. வேலைப்பாட்டின் நேர்த்தியும் அளவின் சிறுமையும் ஒரே சொல்லில்.

#12 · குளிர்நாடு · இரவு 11.13

ஆமாம்! டச்சுக்காரர்கள் இன்னொரு வேடிக்கை. அவர்களிடம் சுத்தத்துக்கு "ஸ்கோன்". ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு "ஷோன்", அழகு. ஆங்கிலத்தில் அதே குடும்பத்தில் மிச்சமிருப்பது "ஷீன்", பளபளப்பு. பளபளப்பும் அழகும் சுத்தமும் இந்த மொழிகளில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

#13 · மூன்றாம்ஸ்லிப் · மறுநாள் காலை 7.35

ராத்திரி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். யோசித்துப் பார்த்தால் க்ளீன் போல்டில் "மொத்தமாக" என்ற பொருள் இல்லை.

கிரிக்கெட் விதிகளில் போல்டு 32ஆம் விதி. பந்து மட்டையில் பட்டு, காலில் பட்டு, உருண்டு போய் ஸ்டம்ப்பைத் தொட்டு ஒரு பெய்ல் விழுந்தாலும் போல்டுதான். விதியில் க்ளீன் என்ற சொல்லே கிடையாது. ஸ்கோர் புத்தகத்திலும் அப்படி ஒரு பத்தி இல்லை. வெறும் "பி", பக்கத்தில் பந்துவீச்சாளர் பெயர். க்ளீன் போல்டு வர்ணனையாளர்களின் சொல். நடுவில் மட்டையும் படவில்லை, பேடும் படவில்லை, பந்து நேரே ஸ்டம்ப்புக்குப் போனது என்பதற்காகச் சொல்வது. மூன்று ஸ்டம்ப்பும் பறக்க வேண்டியதில்லை. ஒரு பெய்ல் மெல்ல விழுந்தாலும் அது க்ளீன்.

ஆக இங்கே க்ளீன் = எதுவும் குறுக்கே படாமல்.

#14 · இரும்புத்தோள் · காலை 8.10

மூன்றாம்ஸ்லிப் சொல்வதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. பளுதூக்குதலில் "க்ளீன் அண்ட் ஜெர்க்" இருக்கிறதே, அந்தக் க்ளீன் எதற்கு என்று பத்து வருடம் தூக்கியவர்களைக் கேட்டால்கூடச் சொல்லமாட்டார்கள்.

தரையிலிருந்து கம்பியை ஒரே இழுப்பில் தோளுக்குக் கொண்டுவருவது க்ளீன். பிறகு தலைக்கு மேலே தள்ளுவது ஜெர்க். ஒரு காலத்தில் "கான்டினென்டல்" என்று வேறொரு முறையும் இருந்தது. கம்பியை வயிற்றில், இடுப்புப் பட்டையில் நிறுத்தி, மூச்சுவிட்டு, படிப்படியாக மேலே ஏற்றுவார்கள். அப்படி உடம்பில் சாத்தாமல் நேரே தோளுக்கு வருவதுதான் "க்ளீன்". இன்றைய விதிப்படி கம்பி தொடையை உரசலாம். பெயர் மட்டும் பழைய கறார் காலத்தில் நின்றுவிட்டது.

#15 · கடைசிபெஞ்ச் · காலை 8.14

ஜிம்மில் தரையைத் துடைத்துவிட்டுத் தூக்க வேண்டும் போல என்று நினைத்திருந்தேன்.

#16 · கோப்புத்தூசி · காலை 11.48

நான் ஒரு வங்கியில் ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்கள் பார்க்கிறவன். இந்தச் சொல் என்னை அவமானப்படுத்தியிருக்கிறது.

கப்பலில் சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீதை பில் ஆஃப் லேடிங் என்போம். இறக்குமதியாளர் திறக்கும் கடன் உறுதிக் கடிதத்தில் (ஆவணங்கள் சரியாக இருந்தால் வங்கி பணம் தரும் என்ற உறுதி) "க்ளீன் ஆன் போர்டு" பில் வேண்டும் என்று இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஆவணக் கட்டில் இருந்த பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், எங்கேயும் "க்ளீன்" என்ற சொல் இல்லை. பெரிய தவறைக் கண்டுபிடித்த குஷியில், முரண்பாடு என்று குறித்து, பணம் தரக்கூடாது என்று குறிப்பெழுதி மேலதிகாரி மேடத்திடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் குறிப்பின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பச்சை அட்டைப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். 27ஆம் பிரிவு.

யூசிபி 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பு அது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி சரக்கோ அதன் பொதியோ பழுதாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்பு எதுவும் இல்லாத ஆவணம்தான் க்ளீன். "க்ளீன்" என்ற சொல் அதில் இருக்க வேண்டியதே இல்லை. இன்னும் ஒரு படி மேலே: "க்ளீன்" என்று அச்சடித்திருந்து அதை யாராவது அடித்துவிட்டிருந்தாலும், பழுது பற்றிய குறிப்பு இல்லாதவரை ஆவணம் க்ளீன்தான். மாறாக "மூன்று மூட்டை கிழிந்திருந்தது" என்று ஓரத்தில் ஒரு வரி இருந்தால் போச்சு.

எங்கள் தொழிலில் க்ளீன் என்றால் எதுவும் எழுதாமல் இருப்பது. காபிக்கறை பட்ட தாளாகக்கூட இருக்கலாம்.

#17 · பாதிமொழி · மதியம் 12.05

காபிக்கறை பட்ட க்ளீன் ஆவணம்! இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம்.

#18 · நங்கூரம் · மதியம் 2.30

கோப்புத்தூசி கரையில் பார்ப்பதை நாங்கள் தண்ணீரில் பார்க்கிறோம். எண்ணெய்க் கப்பல்களில் க்ளீன் டேங்கர், டர்ட்டி டேங்கர் என்று இரண்டு ஜாதி. பெட்ரோல், டீசல், நாஃப்தா போன்றவை க்ளீன் சரக்கு. கச்சா எண்ணெய், ஃபர்னஸ் ஆயில் எல்லாம் டர்ட்டி. பெட்ரோலைக் குடித்துப் பார்த்து யாரும் பெயர் வைக்கவில்லை. இறக்கிய பிறகு தொட்டியில் எது கறுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ அது டர்ட்டி. டர்ட்டி ஏற்றிய கப்பலைக் க்ளீனுக்கு மாற்றுவது பெரிய கழுவல் வேலை.

"க்ளீன் பில் ஆஃப் ஹெல்த்" என்று டாக்டர்கள் சொல்வதும் கப்பலிலிருந்து கரைக்கு ஏறியதே. புறப்பட்ட துறைமுகத்தில் கொள்ளைநோய் இல்லை என்று கப்பலுக்குக் கொடுத்த சான்று அது. அது இல்லாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் கரைக்கு விடாமல் நங்கூரத்திலேயே காக்கவைப்பார்கள்.

இன்னொன்று, இது எனக்குப் பிடித்தது. பழைய காலத் திமிங்கில வேட்டைக்காரர்களிடம் "க்ளீன் ஷிப்" என்றால் ஒரு பீப்பாய் எண்ணெய்கூடக் கிடைக்காத கப்பல். வருடக்கணக்கில் கடலில் சுற்றிவிட்டுக் க்ளீனாகத் திரும்புவதைவிடக் கேவலம் அவர்களுக்கு வேறு இல்லை.

#19 · வெள்ளைஉடை · மதியம் 3.15

நான் க்ளீன் ரூமில், அதாவது காற்றில் தூசித் துகள்களைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் அறையில், வேலை செய்கிறேன். எங்களுக்கு க்ளீன் ஒரு எண். ஐஎஸ்ஓ வகுப்பு 5 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரான் அல்லது அதற்கு மேல் அளவுள்ள துகள்கள் 3,520-க்கு மேல் போகக்கூடாது. அதாவது 3,500 துகள் மிதந்தாலும் க்ளீன். காற்றை மேலிருந்து கீழே சீராகத் தள்ளி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் இந்த அமைப்பை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்து வில்லிஸ் விட்ஃபீல்டு.

அந்த அறையில் மிகப் பெரிய அழுக்கு யார் தெரியுமா? உள்ளே போகிற நாங்கள்தான். தோலும் முடியும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

#20 · வேர்ச்சொல்வீரன் · மதியம் 3.22

க்ளீன்லினெஸ் இஸ் நெக்ஸ்ட் டு காட்லினெஸ் என்று பைபிளே சொல்கிறது. அதை யாரும் எடுக்கவில்லையே?

#21 · சொல்வேட்டை · மாலை 4.01

பைபிளில் அந்த வாக்கியம் இல்லை. அது பரவியது 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி உடை உடுத்துவது பற்றிச் செய்த பிரசங்கம் வழியாக. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் அவர்.

அப்புறம் உச்சரிப்பு: க்ளென்லினெஸ். க்ளீனில் நெடில், க்ளென்ஸிலும் க்ளென்லினெஸிலும் குறில். ஆங்கிலத்தில் மீன் (mean) என்பது மென்ட் (meant) ஆகிறது, டீல் (deal) என்பது டெல்ட் (dealt) ஆகிறது, அதே மாதிரி. பின்னால் மெய்கள் வந்து நெருக்கியதும் உயிர் குறுகிவிட்டது. எழுத்து மட்டும் பழையபடி நிற்கிறது.

#22 · மாரிக்காலம் · மாலை 6.20

ஈழத்துப் பேச்சில் நாங்கள் "துப்பரவா மறந்து போனன்" என்றுதான் சொல்லுவோம். சுத்தம் என்பதற்குப் பதில் துப்புரவு. மற்றபடி அதே கதை! வடசொல், தமிழ்ச்சொல் சண்டை நேற்று நடந்ததால் சொல்கிறேன்.

இத்தனைக்கும் துப்புரவு என்ற சொல்லுக்குப் பழைய பொருள் சுத்தமே இல்லை. குறள் 1050-இல் "துப்புர வில்லார் துவரத் துறவாமை" என்று வருகிறதே, அங்கே துப்புரவு என்றால் நுகர்வதற்கான பொருள்கள். அதே அடியில் வரும் "துவர" என்பதற்குத்தான் முற்றாக என்று பொருள். இன்றைக்குத் "துவர"வை நாங்கள் மறந்துவிட்டோம், அதன் வேலையைத் துப்பரவு பார்க்கிறது.

#23 · சொல்வேட்டை · மாலை 6.58

மாரிக்காலம் அக்கா, இது அருமை. குறளைப் பலமுறை படித்தும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

எல்லாருடைய சாட்சியையும் வைத்துக்கொண்டு பாதிமொழியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு சோதனை செய்யுங்கள். "சுத்தமா மறந்துட்டேன்", "சுத்தமா பிடிக்காது", "சுத்தமா காசில்லை". மூன்றும் சரி. இப்போது "சுத்தமா ஞாபகம் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்குச் சுத்தமா பிடிக்கும்"? நாக்கு மறுக்கிறது. முழுக்க என்று மட்டும் பொருளென்றால் இவையும் சரியாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் க்ளீன் மறக்கும், போகும், கடக்கும், தப்பும். "ஐ க்ளீன் ரிமெம்பர்" என்று யாரும் சொல்வதில்லை. ஷேக்ஸ்பியரின் "ஜூலியஸ் சீசர்" நாடகத்தில் சிசரோ, மனிதர்கள் தங்கள் போக்கில் பொருள் கொள்வார்கள், அது "க்ளீன் ஃப்ரம் தி பர்ப்பஸ்" போய்விடும் என்பான். உண்மையான நோக்கத்தை விட்டு முழுக்க விலகி. அங்கேயும் விலகல்தான்.

என் கட்சி இது: இரண்டு சொல்லும் "முழுமை"யைச் சொல்லவில்லை, "மிச்சமில்லாமை"யைச் சொல்கின்றன. ஓர் இடத்திலிருந்து ஏதோ வெளியேற வேண்டும், அல்லது அங்கே ஏதோ இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் சுத்தமும் க்ளீனும் வந்து உட்காரும். தலையில் நினைவு மிச்சமில்லை, தொட்டியில் கசடு மிச்சமில்லை, பில்லில் குறிப்பு இல்லை, பந்துக்கும் ஸ்டம்ப்புக்கும் நடுவே எதுவும் இல்லை. திமிங்கிலக் கப்பலில் எண்ணெய்கூட இல்லை! துடைத்துவிட்ட பாத்திரத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அந்த "ஒன்றும் இல்லை"யை இரண்டு மொழியும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டன.

#24 · வேர்ச்சொல்வீரன் · மாலை 7.10

"சுத்த முட்டாள்", "சுத்தப் பொய்" என்கிறோமே? அங்கே ஏதோ நிறைந்துதானே இருக்கிறது?

#25 · சொல்வேட்டை · மாலை 7.26

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், அது வேறு கிளை. "சுத்த" என்று பெயருக்கு முன்னால் நின்றால் பழைய "கலப்பில்லாத" பொருள். சுத்தப் பொய்யில் உண்மை கலக்கவில்லை, சுத்த முட்டாளிடம் புத்தி கலக்கவில்லை. "சுத்தமா" என்று வினைக்கு முன்னால் வந்தால்தான் காலி செய்யும் வேலை. ஆங்கிலத்தில் அந்த முதல் கிளையைத்தான் ப்யூர் பிடுங்கிக்கொண்டது: ப்யூர் நான்சென்ஸ் என்பார்கள், க்ளீன் நான்சென்ஸ் என்று சொல்வதில்லை. நம்மிடம் பிடுங்க ஆள் வராததால் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

#26 · கடைசிபெஞ்ச் · மாலை 7.30

வீரரும் சொல்வேட்டையும் ஒத்துப்போன முதல் இழை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

#27 · பாதிமொழி · இரவு 9.44

எல்லாருக்கும் நன்றி. "அடியோடு" என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். வேரோடு பிடுங்கி எறிந்த மாதிரி, கிழவருக்கு அது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. இவர் தலை மெதுவாகக் காலியாகிக்கொண்டிருக்கிற மனிதர். சொல்வேட்டை சொன்ன மிச்சமில்லாமைதான் அவருக்குப் பொருந்துகிறது. வரியை இப்படி முடித்துவிட்டேன்:

"கேட்க வந்தது தலையை விட்டு சுத்தமாகப் போய்விட்டது."

#28 · கோப்புத்தூசி · இரவு 9.50

விட்டுச் சுத்தமாக. ஒரு "ச்" போடுங்கள், அப்புறம் க்ளீன் என்று முத்திரை குத்துகிறேன்.